கேட்டால் சொல்லிவிடுவார்

எங்கள் முதியோர் இல்லத்தில் யாராவது இறந்துபோனால், மற்றவர்களிடம் மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறோம் என்று சொல்வதுதான் அதுவரை வழக்கம். உடலைப் பின்வாசல் வழியாக எடுத்துப் போவோம். கட்டிலை அன்றைக்கே கழுவிப் போட்டுவிடுவோம். சில நாள் கழித்து யாராவது விசாரித்தால், மகன் வந்து வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார் என்போம். கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போவார். மறுபடி கேட்கமாட்டார். அவர்கள் நம்பிவிட்டார்கள் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

மேட்ரன் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அதை நிறுத்தினார். தினமும் பேப்பரைச் சத்தமாக வாசித்துக் காட்டுகிற பெரியவர் ஒருவர் தூக்கத்திலேயே இறந்திருந்தார். காலைப் பலகாரத்துக்கு எல்லோரும் வந்து உட்கார்ந்ததும் மேட்ரன் அவர் பெயரைச் சொல்லி, இறந்துவிட்டார் என்றார். உடல் முன்கூடத்தில் இருக்கிறது, பார்க்க நினைப்பவர்கள் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்றார். நான் இட்லித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். ஒருவர் எழுந்து கை கழுவினார். பின்னாலேயே எல்லோரும் எழுந்தார்கள். யாரோ அவருடைய தலையைச் சீவிவிட்டார்கள். யாரோ திருநீறு கொண்டுவந்து பூசினார்கள். அன்றைக்கு அவரை முன்வாசல் வழியாகத்தான் எடுத்துப் போனோம். வாசல்வரை எல்லோரும் வந்தார்கள்.

காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டிக்குப் போகிற வழியில், ஒரு தெருவில் முன்வாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கிற பழைய வீடு அது. பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் தங்கிவிட்டதால் அந்தக் குடும்பம் வீட்டை ஒரு அறக்கட்டளையிடம் விட்டிருந்தது. நடு முற்றத்தை நாங்கள் வளவு என்போம். அதைச் சுற்றியிருந்த அறைகள் கல்யாணமான மகன்களுக்கென்று அந்தக் காலத்தில் கட்டியவை. ஒவ்வொன்றிலும் இப்போது ஒரு பெரியவர், அல்லது ஒரு தம்பதி. நான் அங்கே நர்ஸ். வீடு சிங்கம்புணரியில். பஸ்ஸில் வந்துபோய்க்கொண்டிருந்தேன்.

மேட்ரனுக்கு அறுபது தாண்டியிருக்கும். அரசு ஆஸ்பத்திரிகளில் காலமெல்லாம் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சிவகங்கைப் பக்கம் தம்பி ஒருவர் இருப்பதாகச் சொல்லியிருந்தார், அவர் வந்து நான் பார்த்ததில்லை. உயரமான, சதைப்பிடிப்பில்லாத உடம்பு. சர்க்கரை வியாதி இருந்தது, அதனால் காப்பியைக் கசக்கக் கசக்கக் குடிப்பார். சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொள்வார், ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி.

தனியாக ஒருவரிடம் நின்றுகொண்டு முக்கியமான விஷயத்தைச் சொல்லமாட்டார். நீல நிற பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, முகத்துக்கு நேராகப் பார்த்துத்தான் சொல்வார். ஸ்கேனில் என்ன வந்திருக்கிறது, இனி அந்தக் கால் நடக்குமா நடக்காதா, தங்கச்சி இறந்துபோன செய்தி, எல்லாம் அந்த ஸ்டூலில் இருந்துதான். அதனால் அவர் ஸ்டூலோடு வளவில் நடந்தால் ஒவ்வொரு அறையிலும் பேச்சு நின்றுவிடும். யார் அறை வாசலில் திரும்புகிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சின்ன விஷயத்திலும் அப்படித்தான். நெற்குப்பையிலிருந்து வந்து தங்கியிருந்த ஆச்சி ஒருவர் பேத்தி கல்யாணத்துக்கு வந்த புதுச்சேலையைக் கட்டிக்கொண்டு எப்படி இருக்கிறது என்று கேட்டார். "கண்ணைக் கூசுது ஆச்சி" என்றார் மேட்ரன். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த ஆச்சி உள்ளே போய் வேறு சேலை கட்டிக்கொண்டு வந்து, இது எப்படி என்று மறுபடி அவரிடமேதான் கேட்டார்.

ஒருநாள் மாத்திரைகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தபோது நான் கேட்டேன். ஒரு சின்னப் பொய்யால் ஒருவர் நிம்மதியாகத் தூங்குவார் என்றால் சொல்லிவிட்டுப் போகலாமே என்றேன். அவர் கையை நிறுத்தவில்லை.

"பொய் சொன்னம்னு வச்சுக்க, அடுத்த தடவை நம்மகிட்ட எதையும் கேக்க மாட்டாக. கேக்காம, செவத்தப் பாத்துப் படுத்துக் கெடப்பாக. ஆஸ்பத்திரியில வார்டு வார்டா அப்படிப் பாத்திருக்கேன்."

அவ்வளவுதான். அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

ஊரடங்கு வந்தபோது அவர் செய்த முதல் காரியம், எல்லோரையும் வளவில் கூட்டியது. அறக்கட்டளையின் செயலாளரும் வந்திருந்தார். பெரியவர்களிடம் டிவியைப் போட்டுக் காட்ட வேண்டாம், வெளியே ஏதோ காய்ச்சல் என்று மட்டும் சொல்லிவைத்தால் போதும் என்பது அவர் யோசனை. பயத்திலேயே பாதிப்பேர் விழுந்துவிடுவார்கள் என்றார். மேட்ரன் அதைக் கேட்டுக்கொண்டார். பிறகு நடுவில் போய் நின்றார். காது மந்தமானவர்கள் பாதிப்பேர் என்பதால் உரக்கப் பேசினார்.

"டிவியில சொல்றது உண்மைதான். இந்த நோய் வயசானவுகளத்தான் ரொம்ப வாட்டுது. சுகரு, ஆஸ்துமா இருந்தா இன்னும் மோசம். இங்க ஒருத்தருக்கு வந்தா எல்லாருக்கும் வந்துரும். அதனால கேட்டைச் சாத்தப் போறோம். எப்பத் தொறப்போம்னு எனக்குத் தெரியாது. பிள்ளைக வீட்டுக்குப் போகணும்னு நெனைக்கிறவுக இப்பவே சொல்லுங்க. இங்க இருந்தா ஒண்ணும் வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். என்னால முடிஞ்சத எல்லாம் செய்வேன்."

செயலாளர் முகம் கறுத்துவிட்டது. ஆனால் பெரியவர்கள் பயந்து விழவில்லை. கேள்வி கேட்டார்கள். நீண்ட நேரம் கேட்டார்கள். பேப்பர் வருமா, கோயில் பிரசாதம் வாங்கலாமா, செத்தால் பிள்ளைகள் வர விடுவார்களா. கடைசிக் கேள்விக்கு, விடமாட்டார்கள் என்றே தெரிகிறது என்றார் மேட்ரன். ஒரு பெரியம்மா அழுதார். பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மேட்ரன் வேலைக்காரர்களிடம் திரும்பினார். உள்ளே வந்தால் உள்ளேயேதான், வீட்டுக்குப் போக முடியாது, யாரும் கட்டாயமில்லை என்றார். நான் என் வீட்டுக்காரரிடம் போனில் பேசினேன். மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அவர் சரி, இரு என்றார். அப்படித்தான் நான் உள்ளே தங்கினேன்.

பெரியவர்களில் சிலர் பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். தபால் ஆபீசில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒருவரும், நான் மதுரையில் மகள் வீட்டுக்குப் போகிறேன் என்றார். சவரம் செய்துகொண்டு, பையில் வேட்டிகளை அடுக்கி, ரேடியோவைத் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தார். மேட்ரன் போன் செய்தபோது மருமகன்தான் எடுத்தார். வீடு சின்னது, குழந்தைகள் இருக்கின்றன, இப்போது வேண்டாம், ஊர்விட்டு ஊர் போகப் பாஸ் கிடைக்கவில்லை என்று அவரிடம் சொல்லிவிடுங்கள் என்றார். செயலாளரும் அப்படியே சொல்லச் சொன்னார்.

மேட்ரன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"பாஸு கெடைக்கும்யா. ஆனா அவுக இப்ப வேணாங்கிறாக. வீட்டுல சின்னப் பிள்ளைக இருக்கு, எடமில்லைங்கிறாக."

அவர் பையின் பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார். மகளே சொன்னாளா என்று கேட்டார்.

"மருமகன்தான் பேசுனாரு. மகளும் பக்கத்துல இருந்தாக. அவுகளையும் கேட்டேன். ஆமான்னாக."

அந்தப் பெரியவர் அன்றைக்கும் மறுநாளும் சாப்பிடவில்லை. பையைப் பல வாரம் பிரிக்கவில்லை. மேட்ரன் வேளாவேளைக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். கஞ்சியை நான் கொண்டுபோனால் குடித்தார். மேட்ரனிடம் அதற்குப் பிறகு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கடைசிவரை பேசவில்லை. மகள் ஆமாம் என்றதையாவது விட்டிருக்கலாமே என்று நான் சமையல்கட்டில் வைத்து மேட்ரனிடம் கோபமாகக் கேட்டேன். பெரியவர் கேட்டாரே என்றார் மேட்ரன். அவர் குரலும் சரியாக இல்லை. அவர் செய்தது சரியா என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது.

கேட்டைச் சாத்திய பிறகு அந்த வீடு ஒரு கப்பல் மாதிரி ஆகிவிட்டது. காய்கறி வாசலில் வெயிலில் கிடந்து, மஞ்சள் தண்ணீரில் குளித்து, பிறகுதான் உள்ளே வரும். பழைய வேட்டிகளைக் கிழித்து முகக்கவசம் தைத்தோம். வளவில் உட்காருவதற்கு ஓர் ஆச்சி தள்ளித் தள்ளி வட்டக் கோலம் போட்டுக் கொடுத்தார். அவரவர் நாற்காலி அவரவர் கோலத்தில். முகக்கவசம் போட்டதும் புதுச் சிக்கல் ஒன்று வந்தது. காது கேட்காதவர்கள் அதுவரை எங்கள் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. மேட்ரன் வளவின் அந்தக் கோடிக்குப் போய், கவசத்தைக் கழற்றிவிட்டு, இந்தக் கோடியில் இருப்பவரிடம் கத்திக் கேட்பார். வயிறு சரியாகப் போயிற்றா என்று அவர் கேட்பதும், ஒருவர் இல்லை என்று கத்துவதும் வீடு முழுக்கக் கேட்கும். அந்த நாட்களில் நாங்கள் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

அந்த வீட்டில் ஒரு தம்பதி இருந்தார்கள். கணவரை நாங்கள் ஐயா என்போம், அவர் மனைவியை ஆச்சி என்போம். கோலம் போட்டுக் கொடுத்தவர் இந்த ஆச்சிதான். மதுரையில் இரும்புக் கடை வைத்திருந்து, வயதானதும் கடையை விட்டுவிட்டு வந்தவர்கள். ஒரே மகன், சிங்கப்பூரில். அவர்கள் இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை. ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு, நடுவில் என்னை நிறுத்தி, அவுகளைச் சட்டை மாத்தச் சொல்லு என்பார் ஆச்சி. அவளைத் தொணதொணக்காம இருக்கச் சொல்லு என்பார் ஐயா. நான் திரும்பச் சொல்லவே வேண்டியதில்லை.

ஐயாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய் டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. அதற்காக வாராவாரம் காரைக்குடிக்குப் போயே ஆகவேண்டும். போகாவிட்டால் இறந்துபோவார். போய்விட்டு வந்தால் நோயைக் கொண்டுவரலாம். அவரை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே எங்காவது வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று ஒரு பெரியவர் வாய்விட்டே கேட்டார். மேட்ரன் இதையும் வளவில் வைத்துத்தான் பேசினார். ஆபத்து இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன் என்றார். வீட்டின் பின்கட்டை அவருக்கென்று ஒதுக்கலாம், பின்தெரு வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கட்டும், உதவியாள் ஒருவர் அவரோடு அங்கேயே தங்கட்டும், நடுக்கதவு பூட்டியே இருக்கட்டும் என்றார். சம்மதமா என்று ஒவ்வொருவரையும் கேட்டார். முதலில் எதிர்த்தவர்தான் கடைசியில், பூட்டுச் சாவி உங்களிடமே இருக்கட்டும் என்று சொல்லி ஒத்துக்கொண்டார்.

மேட்ரன் ஆச்சியிடம் தனியாகக் கேட்டார். பின்கட்டுக்குப் போனால் திரும்பி வரமுடியாது, உங்களுக்கு மூச்சிரைப்பு இருக்கிறது, நோய் வந்தால் தாங்காது, ஆனாலும் போவதானால் தடுக்கமாட்டேன் என்றார். ஆச்சி முடிவு சொல்லும் முன்பே அதற்குள் பின்கட்டுக்குப் போயிருந்த ஐயாவின் சத்தம் கேட்டது.

"அவள அங்கனயே இருக்கச் சொல்லு. இங்குட்டு வந்து உசுர வாங்க வேணாம்."

ஆச்சி முன்கட்டிலேயே இருந்தார். ஆனால் பகலெல்லாம் அந்தப் பூட்டிய நடுக்கதவுக்குப் பக்கத்தில்தான் நாற்காலி. கதவுக்கு அந்தப்பக்கம் ரேடியோ ஓடினால் சத்தத்தைக் குறைக்கச் சொல்லு என்பார். நிறுத்திவிட்டால், என்ன ஆச்சு என்று பார் என்பார்.

மழைக்காலம் தொடங்கியபோது ஐயாவுக்குக் காய்ச்சல் வந்தது. அவரை ஏற்றிப்போக ஆம்புலன்ஸ் பின்தெருவுக்கு வந்தது. மேட்ரன் கவச உடை போட்டுக்கொண்டு கூடப் போய் ஏற்றிவிட்டு வந்தார். ஏறும்போது ஐயா, அவ சாப்பிட்டாளா என்று கேட்டதை அன்றைக்கே ஆச்சியிடம் சொன்னார். ஆச்சி, பெரிய அக்கறை என்றார். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

சில நாளில் ஒரு விடிகாலை ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. எங்களுக்கு முன்பே மகனுக்குத் தெரிந்திருந்தது. அவர் சிங்கப்பூரிலிருந்து போனில் அழுதார். விமானம் இல்லை, வரமுடியாது, நானும் பக்கத்தில் இல்லாமல் ஆத்தா இதைத் தாங்கமாட்டாக, அப்பச்சி இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்காகன்னு சொல்லிக்கிட்டிருங்க, நான் வந்து மெதுவாகச் சொல்லிக்கிறேன் என்று கெஞ்சினார். கொஞ்சநேரத்தில் செயலாளரும் பேசினார். அவர் கெஞ்சவில்லை, உத்தரவாகச் சொன்னார். மேட்ரன் மகனிடம் ஒன்றுதான் சொன்னார். நானாகப் போய்ச் சொல்லவில்லை என்றாலும் ஆச்சி கேட்பார், கேட்டால் என்னால் மறைக்க முடியாது, நீங்களே இப்போது போனில் சொல்வதானால் நான் ஆச்சி பக்கத்தில் இருக்கிறேன் என்றார். மகன் போனை வைத்துவிட்டார்.

மேட்ரன் ஸ்டூலைத் தூக்கினார். வளவில் பேச்சு நின்றது. ஆச்சி நடுக்கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மேட்ரன் வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், ஸ்டூல் கீழே வைக்கப்பட்டதும் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆச்சி, ஐயா இன்னைக்கு விடியக்காலம் எறந்துட்டாக."

ஆச்சி கண்ணைத் திறக்கவில்லை. பிறகு, குரலே இல்லாமல் கேட்டார்.

"என்னயப் பத்தி எதுவும் கேட்டாகளா?"

நான் மேட்ரனின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு வார்த்தை, சொல்லிவிடுங்கள் அக்கா என்று மனசுக்குள் கும்பிட்டேன். யாருக்கு என்ன நஷ்டம். போய்ச் சரிபார்க்கவா போகிறார்கள்.

"இல்ல ஆச்சி. கடைசியில பேசுற நெலையில இல்ல. அங்க இருந்த நர்ஸுகிட்டக் கேட்டேன். ஒண்ணும் சொல்லலன்னாக. வண்டியில ஏறயில கேட்டாகல்ல, அதுதான் நான் காதால கேட்டது."

"அதான் அன்னைக்கே சொல்லிட்டியே" என்றார் ஆச்சி.

பிறகுதான் அழுகை வந்தது. அந்த வயதில் அவ்வளவு பெரிய குரல் எங்கிருந்து வந்ததோ. வளவைச் சுற்றி ஒவ்வொரு அறை வாசலிலும் ஆட்கள் வந்து நின்றார்கள். பெண்கள் அவரவர் வாசலிலேயே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். கட்டிப்பிடித்து அழ முடியாது, கிட்டே போக முடியாது. ஆனாலும் அந்த வீட்டில் ஓர் இழவு நடந்தது. ஆச்சி அழுது ஓய்ந்தால் எதிர் வாசலில் ஒருவர் தொடங்குவார். ஐயாவை வீட்டில் வைத்துக்கொள்வதை முதலில் எதிர்த்த பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வெயிலிலேயே நின்றார். சாயங்காலம் மேட்ரன் ஆச்சிக்கு வெந்நீர் வைத்துத் தலைக்கு ஊற்றினார். தள்ளி நிற்க வேண்டும் என்ற விதியை அவர் மீறி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மகன் அவரை மன்னிக்கவில்லை. செயலாளர், எல்லாம் அடங்கியதும் வேறு ஆள் போட்டுக்கொள்வோம் என்றார். போட்டுக்கொள்ளுங்கள், அதுவரை நான் இருக்கிறேன் என்றார் மேட்ரன்.

ஆச்சியும் பல வாரம் மேட்ரனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருநாள் காப்பி நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். மேட்ரன் பக்கத்திலேயே நின்று யாருக்கோ ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொம்பளைய நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு. காத்தடிச்சா விழுந்துருவா போல இருக்கா."

மேட்ரன் திரும்பவில்லை. வாயைப் பொத்திக்கொண்டார். அன்றிலிருந்து ஆச்சி தினமும் ஏதாவது ஒன்றை என் வழியாக அவருக்குச் சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தார்.

தடுப்பூசி வந்தபோது ஊரில் ஏகப்பட்ட வதந்தி. போட்டுக்கொண்டால் உயிர் போகும் என்று சிங்கம்புணரியில் எங்கள் தெருவிலேயே பேசுவதாக வீட்டுக்காரர் போனில் சொன்னார். முகாம் நடத்த வந்தவர்கள் ஆள் பிடிக்க அலைந்தார்கள். மேட்ரன் எங்கள் பெரியவர்களிடம், கை வலிக்கும், காய்ச்சல் வரலாம், ஊசி போட்டாலும் நோய் வராது என்று உறுதி கிடையாது, வந்தாலும் பிழைக்க வாய்ப்பு அதிகம், நானும் போட்டுக்கொள்கிறேன் என்றார். ஒருவர் விடாமல் எல்லோரும் வரிசையில் உட்கார்ந்தார்கள். தபால் ஆபீஸ் பெரியவரும் வந்தார். மேட்ரன் முகத்தைப் பார்க்காமல் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கையை மட்டும் நீட்டினார். மேட்ரன் பஞ்சை வைத்து அழுத்திவிட்டார்.

இரண்டாவது அலையில் எங்கள் இல்லத்துக்குள் நோய் பெரிதாக வரவில்லை. மேட்ரனுக்குத்தான் வந்தது. மூச்சுத் திணறிய ஒரு பெரியம்மாவுக்குக் கட்டில் கிடைக்காமல், அவரை வண்டியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தார். அந்த அம்மா பிழைத்துத் திரும்பினார். மேட்ரன் காய்ச்சலோடு பின்கட்டில் படுத்தார். ஆக்சிஜன் அளவு இறங்கத் தொடங்கியதும் அவரே ஆம்புலன்சுக்குச் சொல்லச் சொன்னார். தம்பி கிடைக்கவில்லையோ என்னவோ, ஆஸ்பத்திரியில் சொந்தம் என்று என் நம்பரைக் கொடுத்திருந்தார்.

பெரிய டாக்டர் என்னிடம் போனில் பேசினார். நல்ல மனிதர், களைத்துப்போயிருந்தார். நுரையீரல் பெரும்பாலும் போய்விட்டது, நாளைக்குக் குழாய் போட்டு மெஷினில் வைக்கவேண்டும், சர்க்கரையும் இருப்பதால் மீண்டு வருவது கஷ்டம் என்றார். மேட்ரனிடம் நாங்கள் எதுவும் சொல்லவில்லை, நீங்களும் தைரியமாகவே பேசுங்கள் என்றார்.

அன்று மத்தியானம் மேட்ரன் கூப்பிட்டார். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஆக்சிஜன் இரைகிற சத்தம். பெரியவர்கள் ஒவ்வொருவரையும் விசாரித்தார். பிறகு கேட்டார்.

"டாக்டர் ஒங்கிட்டப் பேசியிருப்பாரே. என்ன சொன்னாரு?"

நான் சமையல்கட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். உள்ளே குக்கர் சத்தம். சரியாகிவிடும் அக்கா என்கிற வார்த்தை என் நாக்கில் இருந்தது. அவர் காலமெல்லாம் வெறுத்த வார்த்தை. ஆனால் சொல்லத் துடித்தேன், எனக்காகத்தான்.

"நுரையீரல் ரொம்பக் கெட்டுப்போச்சாம்க்கா. நாளைக்கு மெஷின்ல வைக்கணுமாம். வச்சாலும் கஷ்டம்னாரு."

ஆச்சிக்கு இன்ஹேலர் தீரப்போகிறது, வாங்கிவை என்றார். பின்கட்டுக் கட்டிலைக் கழுவும்போது கையுறை போட்டுக்கொள் என்றார்.

"எனக்குப் பயமா இருக்கு."

அப்படி ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. எனக்கும்தான் அக்கா என்றேன். போனை வைத்துவிடாதே என்றார். வைக்கவில்லை. அவர் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு நான் சுவரில் சாய்ந்து நின்றேன். வெகுநேரம் கழித்து அங்கே யாரோ நர்ஸ் வந்து போனை வாங்கி வைக்கிற சத்தம் கேட்டது.

மெஷினில் வைத்த பிறகு அவர் கண் திறக்கவில்லை. அந்த வாரமே போய்விட்டார்.

மேட்ரன் ஊருக்குப் போயிருப்பதாகப் பெரியவர்களிடம் சொல்லிவை என்றார் செயலாளர். நான் வளவில் போய் நின்று, மேட்ரன் இறந்துவிட்டார் என்று சொன்னேன். காது கேட்காதவர்களுக்காக மறுபடி சொன்னேன். தபால் ஆபீஸ் பெரியவர் எழுந்து தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மற்றவர்கள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஆச்சி என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். போனேன். கூட யாரும் இருந்தார்களா என்று கேட்டார். கடைசியில் யாரும் இல்லை, விடமாட்டார்கள் என்றேன். தான் பிழைக்கமாட்டோம் என்று அவளுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும், நான்தான் சொன்னேன் என்றேன். ஆச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயந்தாளா?"

"பயந்தாக ஆச்சி. எங்கிட்டச் சொன்னாக."

ஆச்சி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

"அதையும் சொல்லிட்டுத்தான் போயிருக்கா" என்றார்.